கடைசி இருக்கை வரை

இந்த நினைவு மலரின் அட்டையில், அக்காவின் படத்துக்குக் கீழே ‘பள்ளிப் பேருந்து உதவியாளர், ஜோர்டான்’ என்று போட்டிருக்கிறது. அதைப் பார்த்து, அச்சகத்தில் ஏதோ தவறு நடந்துவிட்டது என்று உறவினர்களும் நண்பர்களும் நினைக்கலாம். அக்கா அங்கே ஆசிரியையாக இருந்தார் என்றுதான் உங்களில் பலருக்குத் தெரியும். அப்படிச் சொன்னவன் நான். அச்சகத்தின் மேல் தவறில்லை. இதைச் சொல்லிவிட்டால்தான் அக்காவைப் பற்றி மேற்கொண்டு பேச எனக்கு வாய் வரும்.

அக்கா பினாங்குத் தீவின் பாலிக் புலாவில் பிறந்தவர். அப்பாவுக்கு ஜாதிக்காய்த் தோட்டத்தில் வேலை. பிள்ளைகள் ஐவரில் அக்கா மூத்தவர், நான் கடைக்குட்டி. மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், அக்காவின் படிப்பு நின்றது. கடலுக்கு அந்தப் பக்கம் மாக் மண்டினில் ஒரு துணித் தொழிற்சாலைக்குத் தைக்கப் போனார். பஸ், அப்புறம் பெர்ரி, அப்புறம் இன்னொரு பஸ். அங்கே தையல் மெஷின்களைப் பழுது பார்த்தவர்தான் அத்தான்.

“என் மெஷின் மட்டும் வாரத்துக்கு ரெண்டு தடவ கெட்டுப்போச்சு. எனக்கு அப்பவே சந்தேகம்தான்” என்பார் அக்கா.

“ஊசிய நீதானே உடைச்ச” என்பார் அத்தான். இந்தப் பேச்சு கடைசி வரை முடியவில்லை.

அந்தத் தொழிற்சாலையை மூடினார்கள். அத்தானின் பழைய மேனேஜர் ஒருவர் ஜோர்டானில், அம்மான் நகரத்துக்கு வெளியே இருந்த ஓர் ஆடைத் தொழிற்சாலைக்கு அவரை அழைத்துக்கொண்டார். மகன் குமரனும் மகள் யாழினியும் அப்போது ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள். ஒரு வருடம் இருந்து பார்த்துவிட்டு வருகிறோம் என்று சொல்லிப் போனவர்கள் பன்னிரண்டு வருடம் இருந்தார்கள்.

அந்த வாழ்க்கையை நான் போனில் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். “இங்க ஞாயித்துக்கிழமைதான்டா திங்கக்கிழமை. வெள்ளி, சனி லீவு. முதல் மாசம் பூரா எனக்குத் தலைகீழா இருந்துச்சு” என்றார் அக்கா. குழாயில் தண்ணீர் வாரத்துக்கு ஒருநாள்தான் வரும். மொட்டைமாடித் தொட்டி நிறைகிற அன்று தெரு முழுக்கத் துணி துவைக்கும். குளிர்காலத்தில் பிள்ளைகள் சீருடைக்குள் இரண்டு பனியன் போட்டுக்கொண்டு, ரொட்டியைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு போவார்கள். சாயங்காலம் அத்தான் வேலை முடிந்து வந்ததும், ஹீட்டரைச் சுற்றி உட்கார்ந்து நால்வரும் வீட்டுப்பாடம் செய்வார்கள். பிள்ளைகளின் அரபுப் பாடத்தைப் பெற்றோரும் சேர்ந்து படித்தார்கள். யாழினிதான் முதலில் தேறினாள். காய்கறிக் கடையில் அம்மாவுக்காக அவளே பேரம் பேசுவாள்.

பிள்ளைகள் படித்த பள்ளியில் வேலை செய்பவர்களின் பிள்ளைகளுக்குக் கட்டணம் பாதிதான். அதற்காகவே அக்கா அங்கே பேருந்து உதவியாளராகச் சேர்ந்தார். விடியும்போதே வண்டியில் ஏறி, வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைக் கைப்பிடித்து ஏற்றி, பையை வாங்கி வைத்து, சண்டையை விலக்கி, மாலையில் அதே மாதிரி இறக்கிவிட வேண்டும். அக்காவுக்குத் தெரிந்த அரபு எல்லாம் அதட்டல் அரபு. உட்கார், கையை உள்ளே வை, சீக்கிரம். ஊருக்கு வந்தபோது எங்களையும் “யல்லா, யல்லா” என்றுதான் விரட்டினார். அந்த ஊரில் தாயை மூத்த மகன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது வழக்கம். வயதான ஓட்டுநர் முதல் வாசல் காவலர் வரை எல்லாருக்கும் அக்கா ‘உம் குமரன்’. குமரனின் அம்மா.

ஒருநாள் எல்லாப் பிள்ளைகளையும் இறக்கியாயிற்று என்று வண்டியைப் பூட்டப் போனபோது, கடைசி இருக்கைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சின்னவன் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தானாம். அன்றிலிருந்து அக்கா ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார். வண்டி காலியானதும் முன்னாலிருந்து பின்னால் வரை நடந்து, ஒவ்வோர் இருக்கையையும் கையால் தொடுவார். “எட்டிப் பாத்தா போதாதாக்கா?” என்று கேட்டேன். “நானும் எட்டித்தான்டா பாத்தேன், அன்னிக்கு” என்றார்.

நான் பாயான் பாருவில் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறவன். இது உங்களுக்குத் தெரியும். நாங்கள் படித்த தமிழ்ப்பள்ளியில் என் மகளும் படித்ததால், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் செயலவை உறுப்பினராக இருந்தேன். ஒரு கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது அவரவர் வீட்டு டாக்டர், வக்கீல் கதை ஓடியது. “உங்க அக்கா வெளிநாட்டுலதானே, என்ன செய்றாங்க?” என்று ஒருவர் கேட்டார். “டீச்சர்” என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. ஆனால் அடுத்த வாரம் திருத்திச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. டீச்சரின் தம்பி என்று என்னிடம் கொஞ்சம் மரியாதையாகப் பேசினார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. பஸ்ஸில் போய்வந்து பிழைக்கிற குடும்பம் என்று இன்னொரு முறை சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

அக்கா விடுமுறைக்கு வந்தபோது, அந்தத் தமிழ்ப்பள்ளியின் பரிசளிப்பு விழாவுக்கு அவரைச் சிறப்பு விருந்தினராக அழைத்தார்கள். அக்காவுக்கு அவ்வளவு சந்தோஷம். “சின்ன வயசுல அந்த மேடையில கூட்டுறதுக்கு மட்டும்தான்டா ஏறியிருக்கேன்” என்று சொல்லி, புதுப் புடவை வாங்கப் பாசாருக்குப் போனார். அவர் திரும்பி வருவதற்குள் அழைப்பிதழ் வீட்டுக்கு வந்துவிட்டது. ‘ஜோர்டான் நாட்டுப் பள்ளி ஆசிரியை’.

அக்கா அதை இரண்டு முறை படித்தார்.

“யார்றா சொன்னது?”

நான் அவர் கையிலிருந்த புடவைப் பையை வாங்கி மேசையில் வைத்தேன்.

“என் வேல உனக்கு அவ்வளவு கேவலமா இருந்துச்சா?”

“அப்படி இல்லக்கா. நீ சும்மா போயி பரிசு மட்டும் குடுத்துட்டு வாலா. யாரும் கேக்க மாட்டாங்க.”

“பிள்ளைங்க கேக்கும்டா. என்ன பாடம் சொல்லித் தர்றீங்கன்னு கேக்கும். நாப்பது பிள்ளைங்களோட தினமும் போய்வர்றேன், எனக்குத் தெரியாதா?” அழைப்பிதழை மடித்து என் கையில் கொடுத்தார். “காய்ச்சல்னு சொல்லிடு. நான் போயி உண்மையச் சொன்னா உன் மானம் போயிடும். அந்தக் காய்ச்சலோட இந்தப் பொய் நிக்கட்டும்.”

விழாவன்று அக்கா வீட்டிலேயே இருந்தார். நான் போனேன். மேடையில் அக்காவுக்குப் போட்ட நாற்காலி காலியாக இருந்தது. அவருக்குக் காய்ச்சல் என்று ஒலிபெருக்கியில் சொன்னது நான்தான். அந்தப் புடவையை அக்கா கட்டவே இல்லை. அடுத்த வருடம் உடம்பு முடியாமல் குடும்பத்தோடு பினாங்குக்கே திரும்பி வந்தார். மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக எட்டு மாதம். அந்த எட்டு மாதத்தில் ஒருநாள் கூட அவர் இந்தப் பேச்சை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. அவர் மறந்துவிட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இந்த மலருக்கு விவரம் கேட்டபோது, அச்சகத்துக்கு நான் கொடுத்தது அந்தப் பழைய அழைப்பிதழைத்தான். திருத்துவதற்கான மெய்ப்புப் படி வந்ததும் யாழினி பார்த்தாள். பேனாவை எடுத்து ‘ஆசிரியை’ என்ற சொல்லை அடித்தாள். “மாமா, நானும் அண்ணனும் அம்மா வேல செஞ்ச பஸ்லதான் ஸ்கூலுக்குப் போனோம். அத ஏன் மறைக்கணும்?” என்று மட்டும் கேட்டாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இப்போது எழுதும்போதும் முடியவில்லை.

அக்காவைக் கவனித்துக்கொண்ட தாதியருக்கும், கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்த பக்கத்து வீட்டு அக்காமாருக்கும், ஈமக்கடன்களில் தோள் கொடுத்த எல்லாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஜோர்டானிலிருந்து அந்த ஓட்டுநர் ஐயா குரல் பதிவு அனுப்பியிருந்தார். குமரன் அதைத் தமிழில் சொன்னான். முட்டி வலியோடு இப்போது அவரே பின்னால் வரை போய் ஒவ்வோர் இருக்கையையும் தொட்டுவிட்டு வருகிறாராம். அவருக்கும் நன்றி.

முதலாம் ஆண்டு நினைவு நாளில், அதே தமிழ்ப்பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுக்கிறோம். தலைமையாசிரியரிடம் நடந்ததைச் சொல்லி, மேடையில் இரண்டு நிமிடம் கேட்டிருக்கிறேன். இங்கே எழுதியதை அங்கேயும் சொல்வேன். வீட்டிலிருந்து பள்ளிக்கு என் பஸ்ஸிலேயே போகலாம். போய்ச் சேர்ந்ததும் எனக்காகக் காத்திருக்காமல் எல்லாரும் இறங்கி உள்ளே போங்கள். பின்னிருக்கை வரை ஒருமுறை போய்விட்டு நான் வருகிறேன்.