பெயர் சொல்லிப் பாடிய ஜெபம்

கொல்லயில் ஊர்க்காரர்களான எங்களுக்கு ரெஜின் முதலில் அறிமுகமானது போன் திரையில்தான். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் லைவில் வந்து இயேசுவைப் பற்றி ராப் பாடுவான். சபையில் ஜெப விண்ணப்பம் வாசிப்பதுபோல, கேட்டவர்களின் பெயரையும் ஊரையும் பாட்டிலேயே கோத்துவிடுவான்.

அன்று திருப்புறத்திலிருந்து சுமி என்ற பெண் கேட்ட ஜெபத்தை, “திருப்புறம் சுமிக்க கண்ணீரத் தொடையும் கர்த்தாவே, குடிச்சிட்டு அடிக்க மாப்பிளக்க கையத் தடையும்” என்று தாளம் தப்பாமல் பாடினான். பிறகுதான் கவனித்தான்: அவள் அதைத் தனிச்செய்தியாக அனுப்பியிருந்தாள். லைவை அழிப்பதற்குள் யாரோ வெட்டிப் பகிர்ந்துவிட்டார்கள். அழைத்துப் பார்த்தால் அவள் போன் அணைந்து கிடந்தது. ரெஜின் அம்மாவிடம் ஓடி நடந்ததைச் சொன்னான்.

“எலே, நீ ஜெபிச்சியா, காட்டிக் குடுத்தியா?” என்றாள் அம்மா ஜெபகுமாரி. “வண்டிய எடு. நானும் வாறேன்.”

சுமியின் வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்ததைக் கண்டதும் அவன் வண்டியைத் தெருவிலேயே நிறுத்தினான். துக்க வீடு என்றே நினைத்துவிட்டான். உள்ளே, பாட்டைக் கேட்டு ஓடிவந்த அக்கம்பக்கத்துப் பெண்கள் சுமியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

“மாப்பிள எங்களக் கண்டு எறங்கிப் போயாச்சு. திரும்பி வருவான் ஆக்கும்,” என்றாள் ஒருத்தி. “பாட்டுக்காரா, அப்ப நீ இஞ்ச உண்டா, இல்ல லைவிலயா?”

அம்மா சுமியின் துணிகளை எடுத்துப் பையில் வைத்தாள்.

சுமி இப்போது பாறசாலையில் தன் தாய்வீட்டில் இருக்கிறாள். ரெஜின் இப்போதும் பாடுகிறான், யார் பெயரையும் சொல்வதில்லை. தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால், சுமியின் மாப்பிள்ளையோ என்று பயந்து அம்மாவை எடுக்கச் சொல்கிறான்.