ஈயமில்லாத தடுப்பு

கீழ்வேளூருக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் எங்கள் ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே பஸ் நின்றது. சுற்றுச்சுவர் முழுக்கக் கழகங்களின் தேர்தல் எழுத்து. மார்பகப் புற்றுநோய் முகாம் அது. தஞ்சாவூரிலிருந்து நான் கதிர்வீச்சை அளக்கப் போயிருந்தேன். மார்பில் படும் எக்ஸ்ரே முழுவதும் நேராகப் போய்விடாது; கொஞ்சம் நாலாபக்கமும் சிதறும். பக்கத்தில் நிற்பவர்மேல் அது எவ்வளவு விழுகிறது என்று பார்ப்பது என் வேலை.

மார்பு இருக்கவேண்டிய இடத்தில் அக்ரிலிக் பலகையை வைத்து, டெக்னீஷியன் நிற்கும் தடுப்புக்குப் பின்னால் மீட்டரைப் பிடித்தேன். முள் ஏறியது. தடுப்புக்கு முன்னால் பிடித்தாலும் கிட்டத்தட்ட அதே அளவு. விரலால் தட்டிப் பார்த்தேன். ஈயக் கண்ணாடி இல்லை, வெறும் பிளாஸ்டிக்.

"பழசு விரிசல் விட்டுடுச்சு மேடம். மூணு மாசம் முன்னாடி மாத்துனாங்க" என்றாள் டெக்னீஷியன். அவள் ஐந்து மாதக் கர்ப்பிணி. சொல்லும்போதே கை வயிற்றுக்குப் போய்விட்டது. மார்பக எக்ஸ்ரே பலம் குறைந்தது, குழந்தையைத் தொட்டிருக்காது என்று அவளுக்குச் சொன்னேன். ஆனாலும் கோபத்தில் முகாமை அங்கேயே நிறுத்தினேன்.

வரிசையில் நின்ற பெண்கள் முனகிக்கொண்டே கலைந்தார்கள். ஒருத்தி மட்டும் நகரவில்லை. நாற்பது வயதிருக்கும். கெண்டைக்காலில் சேறு காய்ந்திருந்தது.

"எனக்கு மட்டும் எடுத்துடுங்கம்மா. கட்டி கைக்குத் தட்டுப்படுது."

"திங்கக்கிழமை தஞ்சாவூர் வந்துடுங்க. அங்க எடுத்துடலாம்."

"வர முடியாதும்மா. நாங்க குத்தகைக்குச் செய்யுற நெலத்த பண்ணை வீட்டுக்காரங்க வித்துட்டாங்க. வாங்குனவன் ஆள் வச்சு டிராக்டர விடப் பாக்குறான். அந்தத் தகராறுல எங்க வீட்டுக்காரரு ஜெயில்ல இருக்காரு. நான் வயல்ல இல்லன்னா அன்னைக்கே உழுதுடுவான். இன்னைக்கு தங்கச்சிய நிக்க வச்சுட்டு ஓடியாந்தேன்."

"ரூல் அப்படிம்மா" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்து இழுத்துத் தன் மார்பில் வைத்து அழுத்தினாள். கொட்டைப்பாக்குபோல ஒன்று, கெட்டியாக, நகராமல் இருந்தது.

"நான் டாக்டர் இல்லம்மா" என்று கையை உருவிக்கொண்டேன்.

பஸ்ஸில் திரும்பும்போது, திருவாரூர் தாண்டிய பிறகுதான் உறைத்தது. அந்தப் பெண்ணை மெஷினில் நிறுத்திக் கொடுத்துவிட்டு டெக்னீஷியன் கீழே இறங்கியிருக்கலாம். ஈய ஏப்ரனோடு நான் பட்டனை அழுத்தியிருக்கலாம். காலை முழுக்க அந்த ஏப்ரனோடு அதே இடத்தில்தானே நின்று அளந்தேன்? ஒரு படத்தில் சிதறுவது எனக்கு ஒன்றும் செய்யாது. அந்த ஊரில் அது தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

கிராம நர்சிடம் இரண்டு முறை சொல்லி அனுப்பினேன். அந்தப் பெண் வரவில்லை.

சம்பா அறுவடை முடிந்து வந்தாள். மார்பில் தோல் புண்ணாகியிருந்தது. டாக்டர் எக்ஸ்ரேகூடக் கேட்கவில்லை. வராந்தாவில் என்னை அடையாளம் கண்டு அவளே கூப்பிட்டாள்.

"அறுத்துட்டேம்மா. ஒரு குழி நெலம் விடாம நாங்களே அறுத்துட்டோம்."

முகத்தில் அப்படி ஒரு பெருமை. அவள் பையை வாங்கிக்கொண்டு வார்டுவரை கூடவே நடந்தேன்.

குறுவைக்கு ஆற்றில் தண்ணீர் வருவதற்குள் இறந்துவிட்டாள். அந்த நிலம் என்ன ஆனது என்று நான் யாரையும் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.