ஒன்பதாம் மடுவில் மூன்று மீன்கள்

ஊரில் ஓடைக்காரர் என்றால் அவர் ஒருவர்தான். நான்கு கிலோமீட்டர் இருநூறு மீட்டர் நீளமுள்ள ட்ரவுட் மீன் ஓடைக்கு இருபத்தாறு வருடமாகக் காவலர். மீன் பிடிக்கச் சீட்டு கொடுப்பது, மீன்குஞ்சு விடுவது, சரிந்த கரைக்குக் கல் அடுக்குவது எல்லாம் அவர் தலையில்தான். மீன்களால் அவருக்கு ஒருநாளும் தலைவலி வந்ததில்லை. வந்ததெல்லாம் தூண்டில்காரர்களால்.

ஓடையில் பதினான்கு மடுக்கள். பாலத்தடியில் இருப்பது முதலாவது. மேலே ஏற ஏற எண் கூடும். மீன் பிடிக்க வந்தவர் திரும்பும்போது ஓர் அட்டை எழுதித் தர வேண்டும்: எந்த மடு, எத்தனை மீன், என்ன நீளம். தூண்டில்காரர்கள் நீளத்தில் பொய் சொல்வார்கள் என்பது ஓடைக்காரருக்குத் தெரியும். ஆகவே ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிட்டுத்தான் பதிவேட்டில் ஏற்றுவார். இடத்திலும் பொய் சொல்வார்கள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

ஒரு திங்கட்கிழமை சாலைப் பொறியாளர் கோப்போடு வந்து உட்கார்ந்தார். ஒன்பதாம் மடுவின் குறுக்கே லாரி போகத் தரைப்பாலம் போடப் போகிறார்களாம்.

"அங்க வேண்டாம் சார். மீனெல்லாம் முட்டை போடற இடம்" என்றார் ஓடைக்காரர்.

"உங்க அட்டையத்தான் கூட்டிப் பார்த்தேன். எட்டு வருஷத்துல ஒன்பதாவதுல மூணே மூணு மீன். ரெண்டாவதுல ரெண்டாயிரத்து நூத்துப் பதினாலு. செத்த மடுவுக்கு ஏன் சார் இவ்ளோ வக்காலத்து?"

"நான் கண்ணால பார்த்திருக்கேன்."

"எழுத்துல இருக்கா? வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள கொண்டு வாங்க."

எழுத்தில் இருந்ததெல்லாம் அந்த மூன்று மீன்கள்தான். ஒன்பதில் மரவேர் அதிகம், தூண்டில் சிக்கும், அதனால் யாரும் போவதில்லை என்று எட்டு வருடம் சந்தோஷப்பட்டிருந்தார். அட்டையை நம்பி இரண்டாம் மடுவில் வருடத்துக்கு நாலாயிரம் குஞ்சு விட்டார். கணுக்கால் ஆழத் தண்ணீர். நாரைகள் விருந்துக்கு அழைத்த மாதிரி வரிசையில் நின்று தின்றுவிட்டுப் போயின.

வழக்கமாக இடது கரையோடு நடப்பவர், அன்று ஒன்பதாம் மடுவில் முழங்கால் தண்ணீரில் இறங்கி வலது கரைக்குப் போனார். புதருக்குப் பின்னால் புல் முளைக்காத ஒற்றையடிப் பாதை. வேர்களில் அறுந்த தூண்டில் நரம்பு நாற்பத்தொன்று, மீனை ஏமாற்ற இறகால் கட்டிய பொய் ஈ பதினேழு. அதில் ஆறு, பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் வெள்ளை நூலால் கட்டியவை. ஊரில் பல் டாக்டர் ஒருவர்தான். ஓடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்தார்.

வியாழன் மாலை, சீட்டு வாங்கிய தூண்டில்காரர்கள் பதினெட்டுப் பேரையும் வீட்டு முன்னறைக்கு வரவழைத்து விஷயத்தைச் சொன்னார். "மடு போயிடும். ஒன்பதுல பிடிச்சவங்க ஒரு வரி எழுதிக் குடுங்க, போதும்."

"ஒன்பதா? அது எந்தப் பக்கம் இருக்கு?" என்றார் பல் டாக்டர்.

"நான் அந்தத் திசையில தலை வச்சுக்கூடப் படுத்ததில்லண்ணே" என்றார் தையல்காரர்.

ஓடைக்காரர் வெள்ளை நூல் ஈயை எடுத்து மேசைமேல் வைத்தார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரெண்டாவதுல அறுந்தது. அடிச்சுட்டுப் போயிருக்கும்."

"ரெண்டுலேருந்து ஒன்பதுக்கு, ஓட்டத்த எதிர்த்தா? மீனவிட உங்க ஈ நல்லா நீந்துது டாக்டர்."

மடுவே மண்ணாய்ப் போனாலும் சரி, தன் இடம் அடுத்தவனுக்குத் தெரியக்கூடாது. ஒவ்வொருவரும் மற்ற பதினேழு பேரில் எவனாவது ஒப்புக்கொள்வான் என்று கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓடைக்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து உள்ளே போனார்.

அடுப்படியில் மனைவி டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். "ஏங்க, இருபத்தாறு வருஷமா இவங்களோட மாரடிக்கிறீங்க, இதுகூடத் தெரியலயா? நீ எங்க பிடிச்சேன்னு கேட்டா எவன் சொல்லுவான்? பக்கத்துல இருக்கறவன் எங்க பிடிக்கிறான்னு கேளுங்க."

அவர் வெள்ளைத்தாளை எடுத்துப்போய் ஆளுக்கொன்று கொடுத்தார். "உங்களப் பத்தி ஒரு எழுத்தும் வேண்டாம். மத்தவங்க எங்க பிடிச்சாங்கன்னு தெரிஞ்சா மட்டும் எழுதுங்க."

பேனாக்கள் பறந்தன. பன்னிரண்டு நிமிடத்தில் நான்கு பேர் இன்னொரு தாள் கேட்டார்கள். தேதி, நேரம், மீன் எண்ணிக்கை, போட்டிருந்த தொப்பியின் நிறம் வரை இருந்தது. பல் டாக்டர் ஒன்பதுக்குப் போன இருபத்து மூன்று நாட்களைத் தையல்காரர் வரிசையாக எழுதிக் கையெழுத்தும் போட்டார். இத்தனை நுணுக்கமாக எழுதத் தெரிந்தவர்கள்தான் எட்டு வருடமாகத் தன்னை ஏய்த்திருக்கிறார்கள் என்று நினைக்க, ஓடைக்காரருக்கு அழுவதா சிரிப்பதா என்று புரியவில்லை.

மொத்தம் முந்நூற்றுப் பதினொரு குறிப்புகள். இருநூற்று அறுபத்தெட்டில் ஒன்பதாம் மடு. வெள்ளிக்கிழமை நாலே காலுக்குப் பொறியாளர் அத்தனையும் படித்தார். "தன்னப் பத்திச் சொன்னா நம்ப மாட்டேன். இது சாட்சி" என்று சொல்லி, வரைபடத்தில் தரைப்பாலத்தை இரண்டாம் மடுவுக்கு நகர்த்தினார்.

ஆனால் அந்த முன்னறையில் ஒருவர் தாளை ஒருவர் எட்டிப் பார்க்காமலா இருந்திருப்பார்கள்? சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஒன்பதாம் மடுவில் பதினெட்டுப் பேரும் தோளோடு தோள் இடித்து நின்றார்கள். நரம்போடு நரம்பு பின்னிக் கிடந்தது. முட்டையிடும் சரளைமேல் முப்பத்தாறு பூட்ஸ் கால்கள்.

ஓடைக்காரர் பாலத்துக்கும் லாரிக்கும் பயந்ததை நினைத்துக்கொண்டார். திரும்பிப் போய், ஒரு கம்பமும் தடைப் பலகையும் சம்மட்டியுமாக வந்தார். "இன்னைலேருந்து ஒன்பதாவது யாருக்கும் கிடையாது. ஏறுங்க எல்லாரும்."

"இது அநியாயம். மடுவக் காப்பாத்தினதே நாங்கதானே?" என்றார் பல் டாக்டர்.

ஓடைக்காரர் கம்பத்தை நட்டு அடிக்கத் தொடங்கினார். கம்பம் சாய்ந்திருக்கிறது, இன்னும் இடப்பக்கம், கல்லில் முட்டுகிறது என்று பதினெட்டுப் பேரும் யோசனை சொன்னார்கள். பிடித்துக்கொள்ள மட்டும் ஒருவரும் வரவில்லை.