இருக்கன்குடியில் இரண்டு மொட்டை

நான் மூன்றாம் வகுப்பு படித்த வருடம் என் தலைமுடி இடுப்பைத் தொட்டது. வயதுக்கு மீறிய முடி என்று தெருவே சொல்லும். எனக்கும் அதில் கொஞ்சம் திமிர் உண்டு. காலையில் அதை இரட்டைச் சடையாகப் பின்னி ரிப்பன் கட்டிவிட்டுத்தான் அம்மா கம்பெனி வேனுக்கு ஓடுவாள். ஏழாயிரம்பண்ணைப் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவளுக்குச் சரவெடி பின்னும் வேலை. நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்து, குனிந்த தலை நிமிராமல் வெடிகளை நூலில் கோத்துப் பின்ன வேண்டும். ஆக அம்மா வீட்டிலும் பின்னினாள், கம்பெனியிலும் பின்னினாள்.

அந்த வருடம்தான் அவளுக்குக் கழுத்து வலி வந்தது. கழுத்தில் தொடங்கித் தோள்பட்டையில் இறங்கி, வலது கை விரல்வரை மரத்துப் போகும். "மதமதன்னு இருக்கு" என்பாள். உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்துக்கொள்வாள். தைலம் தேய்ப்பது என் வேலை. தேய்த்த கையோடு கண்ணைக் கசக்கிவிட்டு நான் அழுவேன், அவள் சிரிப்பாள். டாக்டர் எலும்புத் தேய்மானம் என்று சொல்லிக் கழுத்துக்கு ஒரு பட்டை கொடுத்தார். பட்டையைப் போட்டால் குனிய முடியாது, குனியாமல் சரம் பின்ன முடியாது. அதனால் அது வீட்டுக்குள் மட்டும் போடுகிற நகையாகிவிட்டது.

வெளியே தெரிந்தால் வம்பு. தீபாவளி சீசன் தொடங்கியிருந்தது. கை வரவில்லை என்று போர்மேன் காதுக்குப் போனால், பின்னுகிற இடத்திலிருந்து எழுப்பிக் கூட்டிப் பெருக்க அனுப்பிவிடுவார். அந்தக் கூலியில் வீடு ஓடாது. அப்பா லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. பக்கத்துத் தெருவில் இருந்த அத்தை, அப்பாவின் தங்கை, நல்லவள்தான். ஆனால் அவளும் அதே கம்பெனியில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து பின்னினாள். அவள் வாயில் ஒன்றும் தங்காது. எனக்குத் தலை பின்னிவிடச் சொன்னால்கூட ஏன், எதற்கு என்று ஆரம்பித்துவிடுவாள்.

அதுவரை ஸ்டூலில் உட்காரவைத்து எனக்குப் பின்னிய அம்மா, இப்போது தரையில் உட்காரச் சொன்னாள். பிறகு அவள் கட்டிலில் ஏறிக்கொண்டு என்னைக் கீழே இருத்தினாள். எல்லாம் கையைத் தூக்காமல் பின்னுவதற்குத்தான். ஒரு சடை முடிவதற்குள் பல தடவை கையை உதறுவாள். அப்படிப் பின்னிய சடை பள்ளிக்கூடத்தில் முதல் மணி அடிப்பதற்குள் அவிழ்ந்துவிடும். டீச்சர் என்னைத் திட்ட, நான் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஆடுவேன்.

ஒரு நாள் அம்மா அப்பாவுக்குப் போன் போட்டு, இருக்கன்குடி மாரியம்மன் கோயிலில் எனக்கு முடி இறக்க வேண்டும் என்றாள்.

"எப்ப நேர்ந்த?" என்றார் அப்பா.

"போன வருசம் இவளுக்கு அம்மை போட்டிருந்தப்ப. சொன்னேனே, மறந்துட்டீகளா?"

எனக்கு அம்மை போட்டது உண்மை. நேர்ந்துகொண்டது பொய். இதைப் பின்னாளில் அம்மாவே சொன்னாள். மாரியம்மன் பேரைச் சொன்ன பிறகு அதற்குமேல் யார் கேட்பார்கள்? அப்பா மறந்ததற்காகக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை அத்தையும் கூட வந்தாள். நான் பஸ்ஸில் ஏறியதிலிருந்து அழுதேன். முடி எடுப்பவர் தலையில் தண்ணீர் தெளித்துக் கத்தியை வைத்ததும் சத்தமாக அழுதேன். நனைந்த முடி கொத்துக் கொத்தாக மடியில் விழுந்தது. எனக்கு அம்மா முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

நான் எழுந்ததும் அந்த இடத்தில் அம்மா உட்கார்ந்தாள். கொண்டையை இடது கையால் அவிழ்த்தாள்.

"மதினி, ஒங்களுக்குமா?" என்றாள் அத்தை.

"ஆமா, ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் நேர்ந்தது."

என் அழுகை நின்றுவிட்டது. நான் அழுவதைப் பொறுக்காமல் அம்மாவும் மொட்டை போட்டுக்கொள்கிறாள் என்று புரிந்துகொண்டேன். திரும்பி வரும்போது ஒருவர் தலையை ஒருவர் தடவிக்கொண்டே வந்தோம். பள்ளிக்கூடத்தில் மொட்டைச்சி என்றவர்களிடமெல்லாம், "எங்கம்மாவும் எனக்காகப் போட்டிருக்கு" என்று பெருமையடித்தேன். அந்தச் சீசன் முடியும்வரை அம்மா பின்னுகிற இடத்திலேயே இருந்தாள். அதற்குப் பிறகு எங்கள் இருவருக்கும் முடி கழுத்துக்குக் கீழே வளரவே இல்லை. அம்மா வளரவிடவில்லை.

போன வருடம் அவளை மதுரையில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். கை தலைக்கு எட்டாமல் எவ்வளவு நாளாகிறது என்று அவர் கேட்டார்.

"இவ மூணாப்பு படிக்கையில ரெண்டு பேரும் மொட்டை போட்டோம் சார். அதுக்கு முந்தியே எட்டல."

வெளியே வந்ததும் கேட்டேன். "நீ எனக்காகத்தானம்மா போட்ட?"

"ஒன் தலைய மட்டும் எறக்கிட்டா ஆச்சா? என் தலைய யாரு சீவுறது?" என்றாள் அம்மா, சாதாரணமாக.

என் முடியை எடுத்ததற்கு அவளை நான் அன்றைக்கு மன்னித்ததே, எனக்குத் துணையாக அவளும் உட்கார்ந்தாள் என்றுதான்.