பூஜ்ஜியமாகிப்போன நாற்பத்து மூன்று வீடுகள்

மலேசியாவில் ஈஜோக் பக்கம், நாங்கள் குடியிருக்கும் தோட்ட லயத்து வரிசை வீடுகளில் குழாய்த் தண்ணீர் நின்று மூன்று நாளாகியிருந்தது. அன்று காலை, தண்ணீர் லோரி உள்ளே திரும்பாமல் நேரே போகப் பார்த்தது. ஓடிப்போய்க் குறுக்கே நின்றேன்.

"ஒங்க லயத்துக்குச் சைபர்னுதான் சொன்னாங்கக்கா," என்றார் ஓட்டுநர்.

லோரிகளை அனுப்பும் அதிகாரிக்குப் போன் போட்டேன். ஒரு காலத்தில் என்னிடம் கணக்குப் படித்தவன்தான்.

"நூறு வீட்டுக்கு ஒரு லோரி டீச்சர். எல்லாத்தையும் கிட்டிய நூறுக்கு மாத்திட்டோம். ஒங்களுது நாப்பத்து மூணு, அம்பதுக்குக் கீழ. அதான் சைபர். நீங்க சொல்லிக் குடுத்த கணக்குதான் லா!" சிரிக்க வேறு செய்தான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கணக்கில் தப்பே இல்லை. ஆனால் என் பின்னால் கைக்குழந்தையும் வாளியுமாக நிற்கிறவள் எப்படிப் பூஜ்ஜியமாவாள்?

"சைபர் வீட்டுக்காரி பேசுறேன்யா. லோரி உள்ள திரும்புற வரைக்கும் நகர மாட்டேன்."

லோரி உள்ளே திரும்பியது.

மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு அதே பாடத்தைத்தான் இன்றும் நடத்துகிறேன். ஆனால் கிட்டிய நூறு எது என்று கேட்பதற்கு முன்னால், எண்ணுவது எதை என்று கேட்கிறேன். தண்ணீருக்குக் காத்திருக்கும் வீடுகள் என்றால், பென்சிலைக் கீழே வைக்கச் சொல்கிறேன்.