எனக்குத் தெரியாமல் விமானம் ஏறியவள்

கனடாவில் எனக்கு மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். விசா வரும்வரை தங்குவதற்காக அம்மாவும் நானும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் அறை எடுத்தோம். அந்த மாடியில் இருந்த பெண்களில் பாதிப்பேர் என்னைப் போலத்தான். போட்டோவில் மட்டும் பார்த்த ஆண்களுக்காக ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்தோம்.

அந்தச் சலிப்பில் ஒரு சிறுகதை எழுதினேன். கதையில் வருகிறவளும் லொட்ஜில் காத்திருக்கிறவள். விசா கிடைத்த அன்று, "நான் வரேல்லை" என்று மாப்பிள்ளைக்கு டெலிபோனில் சொல்லிவிட்டு, கொட்டாஞ்சேனையில் ஒரு அச்சகத்தில் வேலைக்குச் சேருகிறாள். அவ்வளவுதான். ஒரு வாரப் பத்திரிகைக்கு அனுப்பினேன்.

கதை வெளிவந்த ஞாயிற்றுக்கிழமை, வெள்ளவத்தைக் காலி வீதிக் கடையொன்றில் பேப்பரை வாங்கி நின்ற இடத்திலேயே வாசித்தேன். கடைசிப் பந்தி என்னுடையதல்ல. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மாப்பிள்ளையின் படத்தைக் கைப்பையில் வைத்தபடி விமானம் ஏறியிருந்தாள். மேலே என் பெயர்!

மறுநாள் பத்திரிகை அலுவலகத்துக்குப் போனேன். வழியில் சோதனைச்சாவடியில் எல்லோரையும் பஸ்ஸை விட்டு இறக்கி அடையாள அட்டை பார்த்தார்கள். அந்த எரிச்சலும் சேர்ந்துகொண்டது. ஆசிரியர் அன்பாகத்தான் வரவேற்றார்.

"முடிவை ஏன் மாத்தினீங்கள்?"

"தங்கச்சி, எங்கட பேப்பரைக் குடும்பங்கள் வாசிக்கிறது. ஒரு பொம்பிளைப்பிள்ளை இந்தச் சண்டைக்குள்ள தனிய நிண்டு என்ன செய்யிறது?"

"வேலைக்குப் போறா எண்டு எழுதியிருந்தனானே."

"ஓம், ஓம். உங்களுக்கு நல்ல நடை. தொடர்ந்து எழுதுங்கோ."

திருத்தம் போடச் சொன்னேன். கதைக்கு யார் திருத்தம் போடுவார்கள் என்று சிரித்தார். வேறொரு சஞ்சிகைக்கு என் முடிவோடு அனுப்பினேன். ஏற்கனவே வெளிவந்த கதை என்று பிறகு திரும்பி வந்தது.

கதை வெளிவந்த வாரமே, மாப்பிள்ளையின் பெரியம்மா கிருலப்பனையிலிருந்து கேக் பெட்டியோடு எங்கள் அறைக்கு வந்தார்.

"பிள்ளை, வாசிச்சு அழுதுபோனன். கனடாவுக்கும் போன் பண்ணிச் சொன்னனான். இப்பிடி அடக்கமான பிள்ளை கிடைக்க அவன் குடுத்து வைச்சிருக்கவேணும்."

அம்மாவின் முகமெல்லாம் சிரிப்பு. யாரோ எழுதிய பந்திக்காகப் பெரியம்மாவுக்கு என்னைப் பிடித்துப்போயிருந்தது.

"அந்த முடிவு நான் எழுதினதில்லை," என்றேன். "என்ர கதையில அவ போகேல்லை."

"கதைதானே பிள்ளை, விடு."

"கதைதான். ஆனா நானும் கனடாவுக்குப் போகேல்லை."

வாயிலிருந்து வரும்வரை எனக்கே அது தெரியாது. பெரியம்மா அம்மாவைப் பார்த்தார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"ஆரோ ஒரு பேப்பர்க்காரன் எழுதினதுக்காக உன்ர வாழ்க்கையை நாசமாக்கிப்போட்டாய்," என்று அம்மா அழுதார். சம்பந்தம் முறிந்தது. பக்கத்து அறைத் தாய்மார் தங்கள் பிள்ளைகளை என்னோடு கதைக்க விடவில்லை. தெமட்டகொடையில் ஒரு கொம்பனியில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது; நானும் அம்மாவும் ஒரு வீட்டோடு ஒட்டியிருந்த சின்ன அனெக்ஸுக்கு மாறினோம். அம்மா தேவைக்கு மட்டும்தான் பேசினார்.

ஒரு மாலை நான் அடுத்த கதையை எழுதிக்கொண்டிருந்தபோது, தேநீரை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்:

"இதிலையாவது அவளை ஒருத்தன்ர கையில பிடிச்சுக் குடுத்திடு."

பேனையை அழுத்திய அழுத்தில் தாள் கிழிந்துபோனது. வேறொரு தாளை எடுத்தேன்.