மிதக்கிற கூடைத்தட்டு

ஒன்பது கூடைகளையும் செய்தவன் நான்தான். ஆனாலும் இரண்டு மாதமாக அவற்றில் ஒன்றுக்குள்ளும் ஒரு தட்டைக்கூட நான் எறிந்து பார்க்கவில்லை.

தேற்றாத்தீவில் எனக்கொரு சின்ன வெல்டிங் கடை இருக்கிறது. கேட், ஜன்னல் கம்பி, தண்ணீர்த் தாங்கிக்குக் கால், இவைதான் வழக்கமான வேலை. நோர்வேயில் முப்பது வருடம் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பிய ஒருவர் ஒருநாள் வந்து, போனில் ஒரு படத்தைக் காட்டினார். ஒரு கம்பம், அதன் இடுப்பில் ஒரு கூடை, தலையிலிருந்து சுற்றிவரத் தொங்கும் சங்கிலிகள். இது மீன் பிடிக்கவா, கோழி வளர்க்கவா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. நான் கேட்கிற ஆள் இல்லை. அளவை மட்டும் எழுதிக்கொண்டேன்.

செய்து முடித்து, வாவிக்கரையில் உள்ள அவருடைய தென்னந்தோட்டத்தில் ஒவ்வொன்றாக நட்டபோதுதான் அது விளையாட்டு என்று தெரிந்தது. சோற்றுப் பீங்கான் அளவான பிளாஸ்டிக் தட்டைத் தூரத்திலிருந்து எறிய வேண்டும். விழுந்த இடத்துக்குப் போய் அங்கிருந்து மறுபடி எறிய வேண்டும். கடைசியில் தட்டு சங்கிலியில் மோதிக் கூடைக்குள் விழ வேண்டும். குறைந்த எறியில் முடித்தவர் வென்றவர். தூரத்துக்கு எறிய ஒரு வகைத் தட்டு இருக்கிறது. கூடைக்குக் கிட்ட வந்தபின் எறிவது வேறு வகை. அதன் விளிம்பு தடிப்பானது, பறப்பும் மெதுவானது. நோர்வேக்காரர் அதை ஆங்கிலத்தில் பட்டர் என்பார். ஊர்க்காரர் கூடைத்தட்டு என்று சொல்லத் தொடங்கினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் எட்டுப் பேர் விளையாடினார்கள். அதில் என் மனைவியின் தம்பியும் ஒருவன். காத்தான்குடியில் புடவைக்கடை வைத்திருக்கும், நாங்கள் நானா என்று கூப்பிடும் ஒரு முஸ்லிம் அண்ணரும் மோட்டார் சைக்கிளில் வருவார். நான் ஒரு சுத்தியலை எடுத்துக்கொண்டு போவேன், ஒட்டு எங்காவது விட்டிருக்கிறதா என்று பார்க்கிறவன் மாதிரி. உண்மையில் சங்கிலிச் சத்தத்தைக் கேட்கத்தான் போனேன். கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் எந்தக் கூடை என்று சொல்லிவிடுவேன். ஒன்பதாவது கூடைக்குச் சங்கிலி வெட்டும்போது ஒன்று கொஞ்சம் நீளமாகப் போய்விட்டது. மற்றவை ஓய்ந்தபின் அது மட்டும் தனியாக ஒருதரம் கிணுங்கும்.

எட்டுப் பேரில் ஒருவர் கட்டாருக்கு வேலைக்குப் போனார். அடுத்த நாள் நோர்வேக்காரர் ஒரு துணிப் பையோடு கடைக்கு வந்தார். உள்ளே ஏழு கூடைத்தட்டுகள்.

"ஒரு இடம் காலியாக் கிடக்கு. ஞாயித்துக்கிழமை நீங்க வாறீங்க. இதுல ஒண்டத் தெரிஞ்சு எடுங்க."

"எதெண்டாலும் பரவாயில்ல அண்ணன். நீங்களே ஒண்டத் தாங்க."

"அது சரிவராது. ஒருத்தர்ர கைக்கு இன்னொருத்தர் தெரிஞ்சு குடுக்கேலா. ஞாயித்துக்கிழமைக்குள்ள நீங்க தெரிஞ்சு எடுக்காட்டி, இடத்த வேற ஆளுக்குக் குடுத்திருவன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் சொன்னதைச் செய்கிற மனிதர்.

'எதெண்டாலும் பரவாயில்லை' என்பது எனக்கு மூச்சு விடுவது மாதிரி. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், நாலு பேர் முன்னால் பேச வேண்டி வந்தால் இந்த ஒரு வசனத்தோடு தப்பித்துக்கொள்வேன். எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவது வழக்கம். வாவிக்கு மேற்கே பழுகாமத்தில் அக்கா இருக்கிற வீட்டிலிருந்து நான் இந்த வீட்டுக்கு வந்து இருபத்திரண்டு வருடம். வந்த அன்று எந்தக் கதிரையில் இருக்கிறீர்கள் என்று கேட்டார்கள், எதெண்டாலும் பரவாயில்லை என்றேன். ஒரு கால் ஆடுகிற கதிரை கிடைத்தது. இன்றைக்கும் அதில்தான் இருக்கிறேன். வெல்டிங் செய்கிறவன் வீட்டில் அந்தக் கால் இன்னும் ஆடுவதை என் மனைவி வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

அன்று பின்னேரம் முற்றத்தில் பாயைப் போட்டு ஏழு தட்டுகளையும் வரிசையாக வைத்தேன். பக்கத்து வளவிலிருந்து மச்சான் வந்தான்.

"என்ன அத்தான், பொம்புள பாக்கிற மாதிரி ஏழையும் வரிசையா வச்சிருக்கீங்க. ஒண்டும் பிடிக்கல்லியா?"

"எல்லாம் ஒரே மாதிரிக் கிடக்கு மச்சான்."

"எறிஞ்சு பாத்தாத்தானே தெரியும்!"

எறிந்து பார்க்கத்தான் எனக்கும் ஆசை. முதன்முதல் செய்து கோணலாகிப் போன கூடை ஒன்று வேலியோரம் நின்றது. ஆனால் அதற்குள் எங்கள் சிவப்புக் கோழி அடை கிடந்தது. நான் ஒரு தட்டைக் கையில் எடுக்கிறபோதே குசினியிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"இஞ்ச பாருங்க, கோழிக்குப் பட்டுதோ, மறுகா ஞாயித்துக்கிழமை ஒருவரும் விளையாடப் போறல்ல!"

கோழி குஞ்சு பொரிக்க இன்னும் எட்டு நாள். ஞாயிறுக்கு மூன்று நாள். தோட்டத்துக்குப் போய் நாலு பேர் பார்க்க எறிய எனக்குக் கூச்சம்.

எறிய முடியாதென்றால் வேறு எப்படித் தெரிவது? அப்போதுதான் அந்த யோசனை வந்தது. ஐந்தாவது கூடை தண்ணீருக்குப் பத்துக் காலடித் தூரம் இந்தப் பக்கம் நிற்கிறது. அதில் தவறும் தட்டுகள் வாவிக்குள் போவதை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். வாவிக்கரைக்காரன் தண்ணீருக்குக் கிட்டப் போகிற எந்தச் சாமானையும் முதலில் ஒன்றுதான் கேட்பான். மிதக்குமா, தாழுமா? தோணித் துடுப்பைக் கேட்பான், செருப்பைக் கேட்பான், பூட்டுத் திறப்பைக்கூடக் கேட்டு அதில் ஒரு தக்கையைக் கட்டுவான்.

ஏழையும் கொண்டுபோய்க் கிணற்றடித் தொட்டியில் போட்டேன். ஆறு மெல்ல ஆடியாடித் தாழ்ந்தன. ஒரு மஞ்சள் தட்டு மட்டும், கையில் எடுத்தால் எடுத்ததே தெரியாத தட்டு, வெட்டுப்பட்ட வாழைத்தண்டு மாதிரி மேலே கிடந்தது.

மச்சான் தொட்டிக்குள் குனிந்து மஞ்சளைக் கையால் அமுக்கிப் பார்த்தான்.

"அத்தான்ட மூளையப் பாருங்க! இது எங்க ஒருத்தருக்கும் ஓடல்லியே. எனக்குத் தாங்க, என்ட நீலத்த உங்களுக்குத் தாறன்."

"ஏலாது" என்றேன். சொன்ன பிறகு எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குச் சுத்தியல் இல்லாமல் தோட்டத்துக்குப் போனேன். இல்லை, பொய் சொல்லக் கூடாது. சுத்தியலையும் கொண்டுபோய் ஒரு தென்னை மரத்தடியில் வைத்தேன், எதற்கும் இருக்கட்டும் என்று. கிழக்கே கடலிலிருந்து நல்ல காற்று. முதல் நாலு கூடைகளிலும் மஞ்சள் தட்டு காற்றில் தலையாட்டி ஆட்டித்தான் போனது. ஆனாலும் இரண்டாவது மூன்றாவது எறியில் எப்படியோ உள்ளே விழுந்தது. சிரித்தவர்கள் கொஞ்சமாகத்தான் சிரித்தார்கள்.

ஐந்தாவதில் எனக்கு முன்னால் நானா எறிந்தார். அவருடைய தட்டு சங்கிலியில் பட்டுத் தெறித்து வாவிக்குள் விழுந்து தாழ்ந்தது. அடுத்தது நான். தட்டு என் கையை விட்டதும் காற்று அதன் வயிற்றுக்குள் புகுந்தது. கூடைக்கு மேலால் ஏறி, போய், மெத்தென்று தண்ணீரில் இருந்தது. மிதந்தது. எனக்கு உள்ளுக்குள் பெருமை.

நானா களிசானை முழங்காலுக்கு மேல் மடித்துக்கொண்டு இறங்கினார். முழங்கால் தண்ணீர்தான். காலால் சேற்றைத் தடவினார், குனிந்தார், தட்டை எடுத்துக் கழுவிக்கொண்டு கரையேறினார். தாழ்ந்த தட்டு தாழ்ந்த இடத்திலேயே இருந்தது.

என்னுடையது இருக்கவில்லை. நான் உடுத்திருந்த சாரத்தைத் தூக்கிக்கொண்டு நடக்க நடக்க, கடற்காற்று அதை மேற்கே தள்ளிக்கொண்டு போனது. நான் வேகமாக நடந்தால் அதுவும் வேகமாகப் போவது மாதிரி இருந்தது. இடுப்பளவு தண்ணீர் வந்துவிட்டது. அதற்கு அங்கால் புதைசேறு.

கரையிலிருந்து மச்சான் கத்தினான். "அத்தான், விட்டுட்டு வாங்க! அது பழுகாமத்துக்குப் போகுது! உங்கட அக்காக்கு ஏதும் சொல்லி அனுப்புறதெண்டா இப்பவே சொல்லி விடுங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் கரையேறும்போது என் கண் தென்னை மரத்தடியில் இருந்த சுத்தியலைத்தான் தேடியது.

"நீங்க விளையாடுங்க. நான் ஒட்டுகளப் பாத்துட்டு வாறன்."

நோர்வேக்காரர் துணிப் பையை என் முன்னால் விரித்துப் பிடித்தார். ஆறு தட்டுகள்.

"இஞ்ச தாங்க, நான் அத்தானுக்கு ஒண்டு எடுத்துக் குடுக்கிறன்" என்று மச்சான் கையை நீட்டினான். பாவம், உதவிக்குத்தான். ஏழு பேரும் நனைந்துபோன என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் வசனம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்கு முன்னால் கை பைக்குள் போய்விட்டது.

பார்க்கவில்லை. விளிம்புகளை மட்டும் தடவினேன். ஒன்று வழுக்கியது. ஒன்று என் கைக்கு அகலம். நாலாவதோ ஐந்தாவதோ, விளிம்பு கொஞ்சம் சொரசொரப்பு. பாரமாக இருந்தது. பெருவிரல் தானாக ஓரிடத்தில் போய் இருந்தது, வெல்டிங் பிடியில் இருக்கிற மாதிரியே. வெளியே எடுத்தால் சாம்பல் நிறம், முதுகெல்லாம் கீறல்.

"அது பழசு அத்தான். நாய் கடிச்ச அடையாளமும் கிடக்கு."

"இதுதான்" என்றேன்.

அதன்பின் நான் ஒன்றும் அற்புதம் செய்யவில்லை. எட்டுப் பேரில் எட்டாவதாக வந்தேன். ஆனால் ஒன்பதாவது கூடையில் ஆறேழு காலடித் தூரத்திலிருந்து எறிந்த சாம்பல் தட்டு, காற்றை அறுத்துக்கொண்டு நேரே போய்ச் சங்கிலியில் மோதி உள்ளே விழுந்தது. எல்லாச் சங்கிலியும் ஓய்ந்தபின் நீளமானது தனியாகக் கிணுங்கியது. சுத்தியலை மறந்துவிட்டு வீட்டுக்குப் போனேன். அடுத்த நாள் மச்சான் கொண்டுவந்து தந்தான்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, அக்கரைப் பக்கத்து மீன்காரர் ஒருவர் தோணி நங்கூரத்தின் முறிந்த கொழுக்கியை ஒட்டுவிக்கக் கடைக்கு வந்தார். அவர் கீழே வைத்த இறால் வாளிக்கு மூடியாக ஒரு மஞ்சள் தட்டு. நான் அதையே பார்ப்பதைக் கண்டுவிட்டார்.

"வாவியில வந்திச்சு அண்ணன். நல்ல மூடி. தண்ணியில விழுந்தாலும் தாழாது. உங்கடயா? எடுங்க."

"என்டதான். ஆனா வேணாம், நீங்க வச்சிக்கொள்ளுங்க" என்றேன். "நான் வேற ஒண்டு தெரிஞ்சு எடுத்திட்டன்."